கணக்குச் சரி, கையில் காசில்லை: சூதாட்டச் சட்டமும் மீண்டும் உட்கார முடியாதவர்களும்

சூதாட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கென இலங்கையில் தனியான ஓர் அதிகாரசபை அமைக்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் சொல்கிறது. 1889ஆம் ஆண்டு ஆங்கிலேயர் காலத்துச் சூதாட்டக் கட்டளைச் சட்டம், குதிரைப் பந்தயக் கட்டளைச் சட்டம், 2010ஆம் ஆண்டின் கசினோச் சட்டம் ஆகிய மூன்றின் இடத்தையும் இந்த ஒரு சட்டம் எடுத்துக்கொள்கிறது. இணையவழிச் சூதாட்டமும் அதன் வரம்புக்குள் வருகிறது. அதே ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் திகதி கொழும்பில் 'சிற்றி ஒவ் ட்ரீம்ஸ்' கசினோ விடுதி திறக்கப்பட்டது. கசினோவுக்குள் நுழையும் உள்நாட்டவரிடம் அறவிடும் கட்டணத்தை 50 டொலரிலிருந்து 100 டொலராகவும், பந்தய, சூதாட்ட வரியை 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகவும் உயர்த்தும் திருத்தமும் அந்த நாட்களிலேயே வர்த்தமானியில் வந்தது.

இவற்றைப் பற்றி நடந்த விவாதம் பெரும்பாலும் கொழும்பைச் சுற்றியே நடந்தது. எவ்வளவு வருமானம், எத்தனை சுற்றுலாப் பயணிகள், எந்தக் கம்பனி. கண்டியில் கசினோ இல்லை. இங்கே இருப்பவை இங்கிலாந்துக் குதிரைகளுக்குப் பந்தயம் பிடிக்கும் புக்கிக் கடைகள், சந்திக்குச் சந்தி லொத்தர் சீட்டுத் தட்டுகள், பிறகு எல்லோர் கையிலும் இருக்கும் தொலைபேசி. முதல் இரண்டையும் நடந்து போகிறவர் கண்ணால் காணலாம். மூன்றாவதை ஒரே அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரே காண்பதில்லை. வட்ஸ்அப்பில் ஒரு 'ஏஜென்ட்', அவருடைய வங்கிக் கணக்குக்குப் போடும் காசு, பதிலுக்குச் செயலியில் ஏறும் 'சிப்ஸ்'. நூறு டொலர் கட்டணம் அறவிட அங்கே வாசலே கிடையாது.

இந்தக் கட்டுரைக்காக நான் பேசியவர்களில் ஒருவர் வன்னியிலிருந்து வந்து பேராதனைப் பக்கம் ஒரு போடிங்கில் தங்கிப் படிக்கும் மாணவர். இறுதிப் போரின்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்காத குழந்தை. அவர் சொன்ன ஒரு வசனம்தான் என்னை இதை எழுத வைத்தது. "அக்கா, நான் பிழையா விளையாடேல்ல. கணக்குப் பாத்துத்தான் காசு வச்சனான். கணக்குச் சரி." அவர் சொன்ன கணக்கை எழுதி வாங்கிச் சரிபார்த்தேன். கணக்கு உண்மையாகவே சரிதான்.

304 விளையாடத் தெரிந்த வாசகர்களுக்கு இது விளங்குவது கடினமல்ல. போக்கரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கிடைக்கும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் விரியும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் அது பலமான கை. நம்மவர் கையில் ஆர்ட்டின் எட்டும் ஆர்ட்டின் ஆறும். நடுவில் விரிந்த மூன்றில் ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் ஜாக், கிளாவர் மூன்று. அதாவது நான்கு ஆர்ட்டின் ஆகிவிட்டது, ஐந்தாவதுக்குக் காத்திருக்கிறார். இந்த அரைகுறைக் கையை 'ட்ரோ' என்பார்கள். இப்போது அவரிடம் இருப்பது உண்மையில் ஒன்றுமில்லை, வரலாம் என்ற ஒரு எதிர்பார்ப்பு மட்டும்தான்.

நடுவில் 6,000 ரூபா சேர்ந்திருக்கிறது. எதிராளி தன்னிடம் மிச்சமிருந்த 4,000 ரூபாவையும் முழுமையாகத் தள்ளிவிடுகிறார். இதுதான் 'ஓல்-இன்'. இனி நம்மவர் 4,000 ரூபா வைத்து ஏற்க வேண்டும், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும்.

ஏற்றால் மொத்தம் 14,000 ரூபா. அதற்கு அவர் கொடுக்கும் விலை 4,000. நூற்றுக்கு 28.6 தடவைக்கு மேல் வெல்ல முடிந்தால் நட்டமில்லை. அவருக்குத் தெரியாத சீட்டுகள் 47, அவற்றில் ஆர்ட்டின் ஒன்பது. இன்னும் இரண்டு சீட்டுகள் வரவிருக்கின்றன. இரண்டிலும் ஆர்ட்டின் வராமல் போகும் வாய்ப்பு 47இல் 38, பிறகு 46இல் 37. பெருக்கினால் 65 சதவீதம். ஆகவே குறைந்தது ஒரு ஆர்ட்டின் வரும் வாய்ப்பு 35 சதவீதம். தேவை 28.6, இருப்பது 35. ஏற்கலாம். இப்படியான ஒவ்வொரு ஏற்பும் சராசரியாக 900 ரூபா இலாபம் தரும். இணையத்தில் போக்கர் சொல்லித்தரும் எவரும் இதைத்தான் சொல்வார். எதிராளி முழுவதையும் வைத்துவிட்டதால் நடுவில் இன்னொரு தடவை காசு கேட்டு மிரட்ட முடியாது, இரண்டு சீட்டையும் நிச்சயமாகப் பார்க்கலாம் என்பதும் இந்தக் கணக்குக்குள் அடங்கும். ஒரு சீட்டு மட்டுமே மிச்சமிருக்கும் கட்டத்தில் இதே முடிவு பிழை. அப்போது வாய்ப்பு 46இல் 9, அதாவது 20 சதவீதத்துக்கும் குறைவு. மாணவருக்கு அந்த வித்தியாசமும் தெரிந்திருந்தது. கெட்டிக்காரர்.

ஆர்ட்டின் வரவில்லை. அன்றிரவு ஏறத்தாழ இதே அளவில் நான்கு தடவை ஏற்றார், நான்கும் போயின. அம்மா அனுப்பிய போடிங் காசும் சாப்பாட்டுக் காசுமாக 22,000 ரூபா இருந்தது. விடியும்போது 6,000.

நான்கு தடவை தொடர்ந்து தோற்பது விதியோ சகுனமோ இல்லை. 65 சதவீதத்தை நான்கு முறை பெருக்கினால் கிட்டத்தட்ட 18 சதவீதம் வரும். ஆறு பேர் இப்படி உட்கார்ந்தால் அவர்களில் ஒருவருக்கு நடக்கக்கூடியது. சரியாக ஆடிய ஆறு பேரில் ஒருவருக்கு.

இந்தக் கணக்கில் ஓட்டைகள் உண்டு. ஒன்பது ஆர்ட்டினும் தனக்கே உரியவை என்று அவர் எடுத்துக்கொண்டார். முழுவதையும் தள்ளிய எதிராளியிடம் ஏஸும் ராணியும் ஆர்ட்டினாக இருந்திருந்தால், இவர் காத்திருந்த சீட்டு வந்தே இவரைத் தோற்கடித்திருக்கும்; எட்டும் ஆறும் அவ்வளவு சிறியவை. எதிராளியிடம் இரண்டு ராஜாக்கள் இருந்திருந்தால் இவருடைய வாய்ப்பு 35இலிருந்து ஏறத்தாழ 25க்கு இறங்கும். அப்போது ஏற்பதே நட்டம். ஒருவர் கையிலிருப்பது முழுவதையும் ஏன் வைக்கிறார் என்பதுதான் அந்த மேசையில் கிடைத்த முக்கியமான தகவல், அதற்கு அவருடைய கணக்கில் இடமில்லை. பிறகு, மேசை நடத்துகிறவரின் பங்கு. ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஐந்து வீதம் எடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால் 14,000 என்பது 13,300 ஆகிறது, சராசரி இலாபம் 900இலிருந்து 655ஆகக் குறைகிறது. மேசை நடத்துகிறவர் எந்த இரவிலும் தன்னிடமிருப்பதை முழுவதும் வைப்பதில்லை. யார் வென்றாலும் அவருக்கு வந்து சேரும். செயலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் உண்மையான மனிதர்களா என்ற கேள்வியை நான் இங்கே எழுப்பவே இல்லை. உரிமமில்லாத செயலியில் அதைச் சரிபார்க்க எந்த வழியும் கிடையாது.

இவற்றையெல்லாம் சரிசெய்து, வாய்ப்பு உண்மையிலேயே 35 சதவீதம்தான் என்று ஒப்புக்கொண்டாலும் ஒரு விடயம் மிஞ்சுகிறது. 'சராசரியாக 900 ரூபா' என்ற வசனத்தில் 'சராசரியாக' என்ற சொல் யாருக்கு உரியது? ஆயிரம் தடவை அந்த மேசையில் உட்காரக்கூடியவருக்கு. ஒரு கையில் யாருக்கும் 900 ரூபா கிடைப்பதில்லை. பத்தாயிரம் வரும், அல்லது நாலாயிரம் போகும். நூறில் அறுபத்தைந்து தடவை போகும்.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஜோன் கெல்லி 1956இல் அதை வெளியிட்டார். சாதகமான பந்தயமே என்றாலும் கையிருப்பில் எத்தனை பங்குக்கு மேல் வைக்கக்கூடாது என்பதைச் சொல்லும் சூத்திரம் அது. நம்மவரின் கைக்கு அதைப் போட்டுப் பார்த்தேன். விடை 9 சதவீதம். மேசைக்காரரின் பங்கையும் கழித்தால் 7 சதவீதம். அதாவது 4,000 ரூபாவை அந்த இடத்தில் வைப்பது சரியாக இருக்க, பங்கு கழிக்காவிட்டால் 44,000 ரூபாவுக்குச் சற்று மேலும், கழித்தால் ஏறத்தாழ 57,000 ரூபாவும் அவரிடம் இருந்திருக்க வேண்டும். இழந்தாலும் பசி கிடக்கத் தேவையில்லாத காசாக. அவரிடம் இருந்தது 22,000. அந்த எல்லையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வைத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு ஆட்டமும் சாதகமானதாக இருந்தாலும் காலப்போக்கில் கையிருப்பு தேயும் என்பதும் அதே சூத்திரத்தின் முடிவு. தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரு மேசைக்குக் கொண்டுபோகும் தொகையைப் போல் பல பத்து மடங்கைத் தனியே வைத்திருப்பது இதனால்தான். அவர்களுடைய திறமையில் பாதி சீட்டில் இருக்கிறது, மிச்சம் வங்கிக் கணக்கில் இருக்கிறது.

ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன். டித்வா புயலுக்குப் பின் வெள்ளமும் மண்ணும் புகுந்த வீடுகளைத் துப்புரவு செய்ய அரசாங்கம் கொடுத்த தொகை 25,000 ரூபா. கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளில் பல குடும்பங்கள் அந்த மாதம் மொத்தமாகக் கண்ட காசு அதுதான். கெல்லியின் கணக்கு அப்படியான ஒரு குடும்பத்துக்கு மேலே சொன்ன கையில் அனுமதிக்கும் உச்சத் தொகை 2,250 ரூபா. அந்தக் காசிலும் அரிசி வாங்க வேண்டும் என்பது கெல்லிக்குத் தெரியாது.

கெல்லிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1738இல், டானியல் பெர்னூலி என்ற கணித அறிஞர் ஓர் ஏழையின் உதாரணத்தைச் சொன்னார். ஒரு பரம ஏழையின் கையில் ஒரு சீட்டு கிடைக்கிறது. சம வாய்ப்பில் ஒன்றுமே கிடைக்காது, அல்லது 20,000 பொற்காசு கிடைக்கும். சராசரிப் பெறுமதி 10,000. யாரோ ஒருவர் 9,000 தருகிறேன், சீட்டைக் கொடு என்கிறார். ஏழை விற்றால் அது முட்டாள்தனமா என்று கேட்ட பெர்னூலி, இல்லை என்றார். அதே சீட்டை 9,000க்கு வாங்க மறுக்கும் பணக்காரர்தான் புத்தியில்லாதவர் என்றும் சொன்னார். ஒரே சீட்டு, ஒரே வாய்ப்பு. விற்பவரும் சரி, வாங்குபவரும் சரி. வித்தியாசம் தோற்ற பிறகு அவரவரிடம் என்ன மிஞ்சும் என்பதில் இருக்கிறது.

கண்டியில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது எனக்குச் சூதாட்டத்தைவிட இந்த நகரத்தின் கடைவீதிகள்தான் நினைவுக்கு வந்தன. 1977 ஆகஸ்ட் வன்முறை கண்டியையும் மாத்தளையையும் தொட்டது. அது பற்றி விசாரிக்க சன்சோனி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. எரிந்த தமிழ்க் கடைகள் திருத்தப்பட்டுத் திரும்பத் திறக்கப்பட்டன. 1983 ஜூலை 26ஆம் திகதி பிற்பகல் பேராதனை வீதியில் தொடங்கிய தீ காசல் வீதிக்கும் கொழும்பு வீதிக்கும் பரவியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வர்த்தகக் குடும்பத்தின் முன்னாலும் ஒரே கேள்வி: மறுபடி திறப்பதா, விற்றுவிட்டுப் போவதா?

வியாபாரக் கணக்காகப் பார்த்தால் திறப்பதே சரி. மலையகத்தில் கண்டியை விட்டால் வேறு எங்கே அப்படியொரு சந்தை? வாடிக்கையாளர் இருந்தார்கள், கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் கொழும்பு மொத்த வியாபாரிகள் இருந்தார்கள். எட்டு ஆண்டில் ஒரு தடவையோ பத்து ஆண்டில் ஒரு தடவையோ எரிக்கிறார்கள் என்றாலும் இடைப்பட்ட ஆண்டுகளின் இலாபம் அதை ஈடுசெய்யும் என்று ஒருவர் எழுதிக் காட்டியிருக்கலாம். ஆனாலும் பலர் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள், வவுனியாவுக்கு, தமிழ்நாட்டுக்கு, பிறகு கனடாவுக்கு. அவர்களுடைய பிள்ளைகளில் சிலர் இன்றும் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன்: அப்பா பயந்து விற்றுவிட்டார், இன்றைக்கு அந்தக் காணி என்ன விலை தெரியுமா? இங்கேயே நின்றவர்களின் வீடுகளிலும் பேசியிருக்கிறேன். நின்றவர்களுக்குத் துணிச்சல் அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவருக்குக் கொழும்பில் தம்பியின் கடை இருந்தது. இன்னொருவருக்கு லண்டனில் மகன் இருந்தார். மூன்றாம் முறை எரிந்தாலும் அவர்களால் எங்கேயோ ஓரிடத்தில் திரும்ப உட்கார முடியும். விற்றவர்களுக்கு அந்தக் கடை மட்டும்தான். வந்த விலைக்குச் சீட்டை விற்ற பெர்னூலியின் ஏழை அவர்கள்.

போரால் பாதிக்கப்பட்ட மக்களிடம் கடந்த பதினைந்து ஆண்டுகளாக வந்து பேசுகிறவர்கள் எல்லோரும் வாய்ப்பைப் பற்றியே பேசுகிறார்கள். நுண்கடன் கொடுக்க வந்தவர்கள் கோழிப்பண்ணையின் இலாபத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். வெளிநாடு அனுப்பும் ஏஜென்ட், பத்துப் பேரில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று பெயரோடு சொன்னார். 2022 நவம்பரில் 'லேடி ஆர்3' என்ற கப்பல் வியட்நாமுக்கு அப்பால் கடலில் தத்தளித்தபோது அதில் 303 இலங்கையர் இருந்தார்கள். ஆபத்துத் தெரியாமல் ஏறியவர்கள் என்று அவர்களைப் பற்றி எழுதப்பட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர்கள் வாய்ப்பை விசாரித்திருப்பார்கள்; பலருக்கு அது மோசமான வாய்ப்பாகவும் தெரிந்திருக்காது. காணியை ஈடு வைத்த காசு போனால் அடுத்த தடவைக்கு என்ன இருக்கிறது என்பதை ஏஜென்ட் கேட்கமாட்டார். கேட்பது அவர் தொழிலும் இல்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். போக்கரும் ரம்மியும் திறமையா அதிர்ஷ்டமா என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கணக்காக வழக்காடினார்கள். ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையிலான குழு 2022இல் தடையைப் பரிந்துரைத்தது, சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமைக்குரிய விளையாட்டுகள் என்று கூறி அவற்றின் மீதான தடையை நீக்கியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து இணையத்தில் ஆடும் எதையும் நடத்தக்கூடாது என்று ஒரேயடியாகச் சட்டம் போட்டது. முழுத் தடை வேலை செய்யுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வட்ஸ்அப் ஏஜென்டுக்குத் தடையும் ஒன்றுதான், உரிமமும் ஒன்றுதான். ஆனால் 'திறமையா' என்ற கேள்வியை ஒதுக்கிவைத்தது சரியான வேலை. பேராதனை மாணவருக்குத் திறமை இருந்தது. அவரைத் திரும்பத் திரும்ப உட்கார வைத்ததே அந்தத் திறமைதான்: கணக்குச் சரி, ஆகவே அடுத்தது வரும். திறமையில்லாத ஒருவர் இரண்டாவது தோல்வியோடு பயந்து எழுந்திருப்பார்.

சிங்கப்பூரில் கசினோவுக்குள் போகும் குடிமக்கள் ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் டொலர் கட்ட வேண்டும். நமது நூறு டொலர்க் கட்டணத்தை ஆதரிப்பவர்கள் அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஒருவர் தன்னைத் தானே உள்ளே விடவேண்டாம் என்று பதிவு செய்யலாம். மனைவியோ பெற்றோரோ பிள்ளைகளோ விண்ணப்பித்தும் தடை வாங்கலாம். அந்தக் காசு ஒருவருடையது மட்டுமில்லை என்பதைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது.

நமது அதிகாரசபை இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுக்கும்போது இப்படியான நிபந்தனைகளைப் போடுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒருவர் ஒரு மாதத்தில் போடக்கூடிய காசுக்கு எல்லை, தானாகவோ குடும்பத்தாலோ கணக்கை மூடும் வழி, நள்ளிரவுக்குப் பிறகு மேசையை மூடுவது. தமிழ்நாட்டில் நள்ளிரவு முதல் அதிகாலை 5 மணி வரையான தடையை உயர் நீதிமன்றமே 2025 ஜூனில் ஏற்றுக்கொண்டது. இந்த ஏற்பாடுகள் தமிழிலும் இருக்க வேண்டும், கொழும்பில் ஓர் அலுவலகத்தில் மட்டும் இருந்தால் போதாது. வன்னியிலிருக்கும் ஒரு தாய், மகன் கண்டியில் என்ன செய்கிறான் என்று தெரியவரும் நாளில் எந்த இலக்கத்துக்கு அழைத்து எந்த மொழியில் முறையிடுவார்? மலையக, வடகிழக்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒழுங்குவிதிகள் சபைக்கு வரும்போது எழுந்து கேட்கக்கூடிய கேள்வி இது. வரி வீதத்தைப் பற்றிக் கேட்க மற்றவர்கள் இருக்கிறார்கள்.

மாணவர் பக்கத்து அறை நண்பரிடம் கடன் வாங்கி அந்த மாதப் போடிங் காசைக் கட்டிவிட்டார். செயலியை அழித்துவிட்டதாகச் சொன்னார். ஏஜென்டின் இலக்கம் இன்னும் தொலைபேசியில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அவருக்கு இன்னும் 3,000 ரூபா கொடுக்க வேண்டியிருக்கிறதாம்.